ஆரூரில் ஓர் ஆனந்தபைரவி

என்னிடம் பாட்டுக் கற்கும் பிள்ளைகள் என்னைப் 'பாட்டு மிஸ்' என்று அழைப்பார்கள். சென்னையில் முப்பது ஆண்டுகளாக அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்து வருகிறேன். மாலை நான்கு மணிக்குச் சுருதிப் பெட்டியை ஐந்தரைக் கட்டையில் வைத்துவிட்டால், சரளி வரிசை முதல் வர்ணம் வரை வெவ்வேறு படிகளில் நிற்கும் குரல்கள் எட்டு மணி வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோகும். 'காந்தாரம் இறங்குகிறது', 'தாளம் ஓடுகிறது', 'சொல்லின் நடுவில் மூச்சு வாங்காதே' என்று சொல்லிச் சொல்லிப் பழகிய காது, வகுப்பு முடிந்த பிறகும் திருத்துவதை நிறுத்துவதில்லை; கையும் அப்படித்தான், பேருந்தில் உட்கார்ந்திருக்கும்போதுகூடத் தொடையில் தானாகவே தாளம் போட்டுக்கொண்டிருக்கும். இந்தத் தொழில் தரும் மகிழ்ச்சி சிறிதன்று. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, ஆறு மாதமாகப் பிடிபடாத ஒரு கமகத்தை (ஸ்வரத்தை அசைத்துப் பாடும் நுட்பத்தை) ஒரு வியாழக்கிழமை மாலை தன்னை அறியாமல் பாடிவிட்டு, மிஸ் ஏன் சிரிக்கிறார் என்று புரியாமல் விழிப்பதைப் பார்ப்பதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன். ஆனாலும் குறை காணாமல், எண்ணிக்கை வைக்காமல், வெறும் ரசிகையாக இருக்க எனக்கு வாய்த்த இடங்கள் இரண்டுதான். ஒன்று கோயில், மற்றொன்று கிரிக்கெட் மைதானம்.

கோடை விடுமுறையில் வகுப்புகளுக்குப் பத்து நாள் ஓய்வு கொடுத்துவிட்டு, அண்ணாவுடன் திருவாரூருக்கும் திருவையாற்றுக்கும் போய்வந்தேன். அண்ணா ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றவர். இளமையில் மிருதங்கம் கற்றவர். என் முதல் மேடைக்கு அவர்தான் வாசித்தார். வானொலி வர்ணனை கேட்கப் பழக்கி, எனக்குக் கிரிக்கெட்டை அறிமுகப்படுத்தியவரும் அவரே. எழும்பூரில் இரவு ரயில் ஏறியபோது சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. செங்கல்பட்டு தாண்டும் வரை இருவரும் ஒரே அலைபேசித் திரையில் கண் வைத்திருந்தோம். கடைசி ஓவர்களில் சிக்னல் போய்விட்டது. அது திரும்பி வந்தபோது தோல்விச் செய்தியும் கூடவே வந்தது. அண்ணா ஒன்றும் சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்.

திருவாரூரில் முதலில் கண்ணில் நிறைவது கமலாலயத் திருக்குளம். 'கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, செங்கழுநீரோடை ஐந்து வேலி' என்று பெரியவர்கள் சொல்லும் அளவு, அதன் கரையில் நிற்கும்போதுதான் உறைக்கிறது. நடுவில் நாகநாதர் கோயில் ஒரு தீவைப் போல நிற்க, காலை வெயில் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. சுந்தரர் திருமுதுகுன்றத்து மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் தம் மனைவி பரவையாருக்காக மீண்டும் எடுத்தது இந்தக் குளத்தில்தான் என்கிறது பெரிய புராணம். கால்களை நனைத்து, நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, கோயிலுக்குள் நுழைந்தோம்.

இங்கே தியாகராசர் என்று வழங்கும் சிவபெருமானின் சந்நிதியில் பொதுவாகக் காணக் கிடைப்பது திருமுகம் மட்டுமே. பாத தரிசனம் ஆண்டில் மார்கழித் திருவாதிரைக்கும் பங்குனி உத்திரத்துக்கும் உரியது. சிறுவயதில் இது எனக்குக் குறையாகத் தோன்றியதுண்டு; இம்முறை அப்படித் தோன்றவில்லை. தியாகராசர் கோயில் கொண்ட ஏழு விடங்கத் தலங்களில் முதன்மையான இவ்வூரில் பெருமான் ஆடுவது அசபா நடனம். திருமால் தம் மார்பில் இவரை வைத்துப் பூசித்தபோது, அவருடைய மூச்சு ஏறி இறங்கும் அசைவுக்கு ஏற்ப இவர் ஆடினார் என்பது தல வரலாறு. அசபா என்றால் வாயால் செபிக்காமல், மூச்சே செபமாக நிகழ்வது. நாள்தோறும் பிள்ளைகளிடம் மூச்சை எங்கே எடுக்க வேண்டும், எங்கே அடக்க வேண்டும், எப்படிச் சேமிக்க வேண்டும் என்று பேசியே தொண்டை வறளும் எனக்கு, மூச்சைத் தாளமாகக் கொண்டு ஆடும் ஒரு கடவுள் இருக்கிறார் என்பது, தெரிந்த செய்திதான் என்றாலும், அன்று திரை விலகித் தீபம் காட்டியபோது புதிதாகக் கேட்டது போல நெஞ்சில் இறங்கியது. அந்தச் சந்நிதியில் நின்றிருந்த சில நிமிடங்களில் என் மூச்சை நான் வேலை வாங்கவில்லை. அது பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது.

கமலாம்பாள் சந்நிதிக்குத்தான் உண்மையில் நான் வந்திருந்தேன். அன்னை அங்கே கால்மேல் கால் இட்டு யோக நிலையில் அமர்ந்திருக்கிறாள். முத்துசுவாமி தீட்சிதர் இவள்மீது பாடிய நவாவரணக் கிருதிகளை வடமொழியின் எட்டு வேற்றுமைகளிலும் வரிசையாக அமைத்தார். ஒன்பதாவதான ஆகிரி ராகக் கிருதியில் எல்லா வேற்றுமைகளையும் சேர்த்தார். இலக்கணமும் ஸ்ரீவித்யை என்னும் அம்மன் வழிபாட்டு நெறியும் இசையும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் செய்யாமல் இப்படிக் கூடி நிற்கும் வேறொரு தொகுதியை நான் அறியேன். அவற்றில் முதலாவதான ஆனந்தபைரவி ராகக் கிருதியை எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது பிறந்த சந்நிதியில் ஒருமுறைகூடப் பாடியதில்லை.

உச்சிக்காலத்துக்கு முந்தைய நேரம், கூட்டம் இல்லை. தூணோரம் அமர்ந்து மெல்ல முணுமுணுக்கத் தொடங்கினேன். சற்றுத் தள்ளி ஒரு மூதாட்டி மடியில் மல்லிகையைக் கொட்டி வைத்துச் சரம் தொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களுக்கிடையே வாழை நார் ஓட, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று பூக்கள் தாமாகப் போய் அமர்ந்தன. அவர் கைகளைப் பார்க்கவே இல்லை. பல்லவி முடியும் முன்பே அவர் நிமிர்ந்து, "நல்லா வாயைத் தொறந்து பாடும்மா. அவ கேக்கட்டும்" என்றார். ஒவ்வொரு நாளும் நான் என் மாணவர்களிடம் சொல்லும் சொற்கள் அவை. யாரோ எனக்கு அவற்றைச் சொல்லி எத்தனை காலம் ஆகிவிட்டது!

குரலை விட்டுப் பாடினேன். கருங்கல் மண்டபம் ஒவ்வொரு ஸ்வரத்தையும் வாங்கி, சற்றுத் தாமதித்து, கனிந்த குரலில் திருப்பித் தந்தது. அண்ணா பக்கத்தில் அமர்ந்து, ஏழு எண்ணிக்கைத் தாளத்தைத் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். சரணம் தாண்டி, நடை விரையும் மத்யமகால சாகித்தியத்துக்கு வந்தபோது கண் நிறைந்துவிட்டது. சொல்லின் நடுவில், பிள்ளைகளுக்கு நான் எப்போதும் தடுக்கும் அதே இடத்தில், மூச்சு அறுந்தது. ஒரு சொல் விழுந்துவிட்டது. வகுப்பாக இருந்திருந்தால், திரும்ப எடு என்று சொல்லியிருப்பேன். அண்ணா தாளத்தை விடவில்லை; நான் அடுத்த சொல்லில் சேர்ந்துகொண்டேன். முடிந்ததும் குருக்கள் அன்னையின் பாதத்திலிருந்து ஒரு பூவை எடுத்து என் கையில் வைத்தார். மூதாட்டி தொடுத்த சரத்தில் ஒரு முழம் கிள்ளி நீட்டினார். காசு வாங்க மறுத்துவிட்டார். அந்த மல்லிகை வாடிய பிறகும் என் இசைக் குறிப்பேட்டில், ஆனந்தபைரவிப் பக்கத்தில் இருக்கிறது.

சந்நிதியை ஒட்டியுள்ள, எழுத்துகளுக்குரிய அட்சர பீடத்தை வணங்கி, என் மாணவர்கள் ஒவ்வொருவரையும் முகமாக நினைத்துக்கொண்டேன். நடை சாத்திய பின் தேவாசிரிய மண்டபத்தின் பக்கம் நிழலில் நெடுநேரம் இருந்தோம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையை அருளியது இந்த மண்டபத்தில் கூடியிருந்த அடியார்களை முன்னிட்டுத்தான். பதினொரு பாட்டில் அவர் தனியடியார் அறுபது பேரையும் தொகையடியார் ஒன்பது கூட்டத்தாரையும் சொல்லிச் சொல்லி, அவர்களுக்கெல்லாம் தாம் அடியேன் என்கிறார். குழல் ஊதிய ஆனாயரும் யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரும் அந்த வரிசையில் இருக்கிறார்கள். கடவுளைப் பாடியவர் பலர். கடவுளை நேசித்தவர்களை ஒருவர் விடாமல் நேசித்துப் பாடியதுதான் இவருடைய தனிப்பெருமை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்போது அண்ணா, வேறெதையும் முன்னுரையாகச் சொல்லாமல், "தொண்ணூத்தொன்பது சேப்பாக்கம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்டின் நான்காம் நாள். இருவரும் அரங்கில் இருந்தோம். 271 ஓட்டங்கள் எடுக்க வேண்டிய நிலையில், முதுகு வலியோடு ஆடிய சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்களில் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ஓட்டங்கள்தான் தேவைப்பட்டன. அடுத்தடுத்து விக்கெட்டுகள் விழுந்து, 258 ஓட்டங்களில், 12 ஓட்ட வித்தியாசத்தில் தோற்றோம். சில விநாடிகள் அரங்கம் மூச்சுவிடவில்லை. பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் தொடங்கி, வரிசை வரிசையாகப் பரவி, வென்ற பாகிஸ்தான் அணி மைதானத்தைச் சுற்றி வந்தபோது மொத்தச் சேப்பாக்கமும் எழுந்து நின்று தட்டியது. அழுதுகொண்டே தட்டியவர்களில் நானும் ஒருத்தி. நன்றாக ஆடியவனுக்குத் தலை வணங்கிய அந்தக் கூட்டத்தின்மேல் எனக்கு அன்று பிறந்த மதிப்பு இன்றும் குறையவில்லை. அடியார்க்கும் அடியேன் என்னும் சொல்லுக்கு என் சிறிய வாழ்க்கையில் நான் கண்ட பொருள் அதுதான் என்று அண்ணாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மாலை, திருவந்திக்காப்பு என்று இவ்வூரில் வழங்கும் சாயரட்சைக்கு மீண்டும் சென்றோம். தேவர்களே வந்து கலந்துகொள்ளும் பூசை இது என்பது நம்பிக்கை. பஞ்சமுக வாத்தியத்தை அப்போது அருகில் நின்று கேட்டோம். பெரிய வெண்கலக் குடம் ஒன்றுக்கு ஐந்து வாய்கள். நடுவில் பெரியது ஒன்று, சுற்றிலும் நான்கு. ஐந்தும் தோல் போர்த்தவை. இறைவனின் ஐந்து முகங்களுக்கு அவற்றை ஒப்பிடுவார்கள். நடு முகத்திலிருந்து எழுந்த ஆழ்ந்த ஒலி தரையில் ஓடி உள்ளங்கால் வழியாக ஏறியதை நான் உணர்ந்தேன். மிருதங்கம் பழகிய அண்ணாவோ எந்த முகத்தில் எந்தச் சொல் விழுகிறது என்று விரல்களில் கணக்கு வைத்துக்கொண்டு, குழந்தையின் முகத்தோடு நின்றார்.

மறுநாள் காலை கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் பிறந்த இடங்களுக்குச் சென்றோம். சியாமா சாஸ்திரிகள் 1762இலும், தியாகராஜ சுவாமிகள் 1767இலும், தீட்சிதர் 1775இலும், பதின்மூன்று ஆண்டுகளுக்குள், இதே ஊரில் பிறந்தார்கள். மூன்று இடங்களுக்கும் நடந்தே போய்விடலாம். ஒவ்வொன்றிலும் ஒரு கிருதி பாடினேன். அதற்குமேல் அங்கே எழுதிச் சொல்ல எதுவும் இல்லை. போய் நின்று வரவேண்டிய இடங்கள் அவை.

தஞ்சை வழியாகத் திருவையாறு சேர்ந்தபோது பிற்பகல். ஆராதனைக் காலத்தின் பந்தலும் நெரிசலும் இல்லாத, காவிரிக்கரையில் காற்று மட்டும் நடமாடும் தியாகராஜ சுவாமிகளின் சமாதியை இப்போதுதான் முதன்முறையாகக் கண்டேன். 1847இல் சுவாமிகள் சித்தியடைந்த பிறகு, கவனிப்பாரின்றிக் கிடந்த இந்த இடத்தில் தம் சொந்தப் பொருளைக் கொட்டிக் கோயில் எழுப்பி, 1920களில் குடமுழுக்குச் செய்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் இங்கே பாட இடம் இல்லாதிருந்த காலத்தில் அதற்காகப் போராடியவரும் அவரே. 1952இல் மறைந்த அவருடைய சமாதி, சுவாமிகளின் சந்நிதியைப் பார்த்தபடி அமைந்திருக்கிறது. பாடிப் பிழைக்கும் பெண் ஒருத்தி இந்த வாசலில் முதலில் வணங்க வேண்டியது அவரையே என்பது என் உறுதியான எண்ணம், அப்படியே செய்தேன். பின்பு உள்ளே அமர்ந்து, சுவாமிகளின் பஞ்சரத்தினக் கிருதிகள் ஐந்தில் வராளி ராகத்தில் அமைந்ததைப் பாடினேன். வராளியைக் குரு சீடருக்கு நேராகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது, கேட்டே பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் துறையில் வழிவழியாக வரும் வழக்கம். என் குருநாதர் பாடக் கேட்டுத்தான் எனக்கும் அது வந்தது. அவர் குரலை அன்று என் குரலுக்குள் கேட்டேன்.

பொழுது சாயும் வேளையில் ஐயாறப்பர் கோயிலுக்குள் சென்றோம். கயிலை காண நடந்து, உடல் தேய்ந்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கி இந்த ஊர்க் குளத்தில் எழுந்த அப்பர், பிடியும் களிறுமாக எதிர்ப்பட்ட உயிர்களிலெல்லாம் அம்மையப்பனைக் கண்டு 'கண்டறியாதன கண்டேன்' என்று பாடிய இடம். அந்தப் பதிகத்தை நடந்துகொண்டே வாய்விட்டுச் சொன்னோம். திருச்சுற்றில் ஓரிடத்தில் நின்று 'ஐயாறா' என்று அழைத்தால் அது ஏழுமுறை திரும்ப ஒலிக்கும் என்பார்கள். மஞ்சள் பனியன் அணிந்த சிறுவர்கள் நால்வர், முதுகில் எழுதிய ஏழாம் எண்ணோடு, எங்களுக்கு முன்பே அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களில் சிறியவன் எங்களுக்காக நகர்ந்து, "இங்க நில்லுங்க பாட்டி, இந்தக் கல்லுமேல நின்னாத்தான் நல்லா கேக்கும்" என்று இடம் காட்டினான்.

அவன் காட்டிய கல்லில் நின்று, கைகளைக் கூப்பி, மூச்சு நிறைய எடுத்து, "ஐயாறா" என்று அழைத்தேன். மதில்களிலிருந்து என் குரல் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தது. கூப்பிய கை அப்படியே இருந்தது. அது எத்தனை முறை வந்தது என்று நான் எண்ணவில்லை. தமக்கு ஐந்து வரை கேட்டதாக அண்ணா வழியில் சொன்னார்.