இறக்கத்தில் வந்த நீலப் புகை: ஆயில் குடித்த பழைய காரில் வால்வு சீல் மாற்றிய அனுபவம்

குன்னூரில் நான் ஓட்டுவது 1997ஆம் ஆண்டு மாடல், மூன்று சிலிண்டர், 796 சிசி கார்புரேட்டர் கார். 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் வீதம் ஆயில் குறைந்துகொண்டிருந்ததால், பார்த்தவர்கள் அனைவரும் ரிங் (பிஸ்டனைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது, இன்ஜினை இறக்கி போர் போட (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்ய) வேண்டும் என்றே கூறினர். அந்தச் செலவில் இறங்குவதற்கு முன், ஆயில் எந்த வழியாகப் போகிறது என்பதை உறுதிசெய்ய விரும்பினேன்.

மலையில் அளவெடுப்பதே முதல் சிக்கல். கார் சற்றுச் சாய்ந்து நின்றாலும் டிப்ஸ்டிக் காட்டும் அளவு மாறிவிடும். ஆகவே ரசமட்டம் வைத்து ஓரிடத்தைத் தேர்ந்து, காலையில் இன்ஜினை இயக்குமுன் அங்கேயே அளந்து குறித்துவந்தேன். இன்ஜினை டீசலால் கழுவி, உலர்ந்தபின் முகப்பவுடர் தூவி ஓட்டியதில் டிஸ்ட்ரிபியூட்டர் அடியில் மட்டும் ஈரம் தெரிந்தது. அந்த ஓ-ரிங்கை மாற்றியும் கணக்கு பெரிதாக மாறவில்லை.

ஆயில் மூடியின் உட்புறம் வெளிர் மஞ்சள் நிறத்தில் குழைவான கழிவு படிந்திருந்தது. சமவெளியில் இதைக் கண்டால், தண்ணீர் ஆயிலுடன் கலக்காமல் இன்ஜின் தலைப்பகுதியின் (ஹெட்) அடியில் அடைத்து நிற்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிப்பார்கள். ஆனால் பனிமூட்டத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியில், இன்ஜின் முழுச் சூடேறாததால் உள்ளே சேரும் ஈரம் வெளியேறாமல் ஆயிலுடன் கலந்து இப்படிப் படிவதுண்டு. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை. மலையடிவாரத்திலுள்ள மேட்டுப்பாளையம் வரை ஓட்டித் திரும்பியதும் அந்தப் படிவும் மறைந்துவிட்டது.

சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்தபோது மூன்று சிலிண்டரும் 130 பிஎஸ்ஐ அளவிலேயே நின்றன. இந்த எண்ணை மட்டும் பார்த்து இன்ஜினைப் பிரித்துவிடக் கூடாது என்பதை மலையில் பழைய கார் வைத்திருப்போருக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ள குன்னூரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 20 சதவீதம் குறைவு. சிலிண்டருக்குள் புகும் காற்றே குறைவு என்பதால் கேஜும் குறைத்தே காட்டும். அதே கேஜ் மேட்டுப்பாளையத்தில் 155ஐ ஒட்டிக் காட்டியது. ஒவ்வொரு பிளக் துளையிலும் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பார்த்தேன். ரிங் தேய்ந்திருந்தால் அளவு நன்றாக ஏற வேண்டும். இங்கோ முள் லேசாகவே நகர்ந்தது.

மீதியை மலைப்பாதை தெளிவாக்கியது. பர்லியார் இறக்கத்தில் பைக்கில் பின்தொடர்ந்த நண்பர், "அண்ணா, ஏத்தத்துல புகையே இல்ல, இறங்கி முடிச்சு ஆக்ஸிலேட்டர் மிதிச்சதும்தான் நீலமா குபுகுபுன்னு வருது" என்றார். கியரில் பிடித்து இறங்கும்போது, காற்று புகும் வழியிலுள்ள திராட்டில் மூடியிருப்பதால் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று செல்லும் குழாயில்) உறிஞ்சும் விசை கூடி, வால்வு தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் இறுகிப்போயிருந்தால் அதன் வழியாக ஆயிலை உள்ளே இழுக்கிறது. அடுத்து மிதிக்கையில் தேங்கியது எரிகிறது. ரிங் பழுதானால் பளுவோடு ஏறும்போதும் புகை வந்திருக்கும்.

ஹெட்டைக் கழற்றாமலே வேலையை முடித்தேன். வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர் ஆர்ம்களை அகற்றி, பிஸ்டன் பாதி மேலேறிய நிலையில் பிளக் துளை வழியாக நைலான் கயிற்றைச் செலுத்தி, கிராங்கைக் கையால் திருப்பினால், கயிறு வால்வுகளைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும். ஆயில் இறங்கும் துளைகளில் துணி அடைத்த பிறகே ஸ்பிரிங்கை அமுக்கி, ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும், நகத்தளவுள்ள வால்வு லாக்குகளைக் காந்தத்தால் எடுத்தேன். பழைய சீல்களில் நகம் பதியவில்லை. குறடு பட்டதும் ஒன்று சில்லாக உடைந்தது. வால்வை அசைத்துப் பார்த்ததில், அதன் தண்டு நகரும் குழலான கைடில் ஆட்டம் அதிகமில்லை. இருந்திருந்தால் புதிய சீலும் நீடிக்காது. புதியவற்றின் உதடு கிழியாதிருக்க, வால்வு தண்டில் ஆயில் தடவி, ஆறு சீல்களையும் மெல்ல இறக்கினேன்.

இப்போது 1,000 கிலோமீட்டருக்கு 150 மில்லிக்குள்தான் குறைகிறது. இறக்கம் முடிந்து மிதித்தாலும் நீலப் புகை இல்லை. கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் மட்டும் லேசான கசிவு இருக்கிறது. அதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், கிளட்ச் பிளேட் மாற்றும்போது சேர்த்துச் செய்ய வைத்திருக்கிறேன்.