ஒரு வருட வருமானம்

2024 ஏப்ரல் 4, வியாழன். புடாபெஸ்ட்

சாயங்காலம் சங்கிலிப் பாலத்தில் நடந்தேன். நல்ல காற்று. இந்தப் பாலத்துக்காகப் பல வருடம் அலைந்தவர் ஹங்கேரியப் பிரபு இஷ்த்வான் சேச்செனி. 1820 டிசம்பரில் அவருடைய அப்பா வியன்னாவில் இறந்துபோனார். செய்தி கேட்டு ஓடி வந்தவரால் டான்யூபைத் தாண்ட முடியவில்லை. ஆற்றில் பனிக்கட்டி, படகுகளை இணைத்துப் போடும் பாலத்தைக் குளிர்காலத்துக்காகப் பிரித்துவிட்டிருந்தார்கள். அக்கரையைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் கிடந்தார்.

பாலம் வந்தால் பிரபுக்களும் சுங்கம் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. அதுவரை வரி என்றால் என்னவென்றே தெரியாத கூட்டம் அது. எதிர்ப்புக்குக் கேட்கவா வேண்டும்!

ஏப்ரல் 5, வெள்ளி

ராத்திரி வெகுநேரம் இவரைப் பற்றியே படித்தேன். 1828-ல் வியன்னா வங்கி ஒன்றிடம் 10,000 ஃபோரின்ட் கடன் கேட்டிருக்கிறார். கிடைக்கவில்லை. ஊர் ஊராக நிலம் இருந்தும் ஏன்? பிரபுக்களின் நிலம் பூர்வீகச் சொத்து, வம்சத்தை விட்டுப் போகக் கூடாது என்பது அன்றைய சட்டம். கடன் திரும்பி வராவிட்டால் வங்கி எதைப் பிடித்துக்கொள்ளும்? அந்தக் கோபத்தில் எழுதியதுதான் 1830-ல் வந்த ‘ஹிதெல்’ என்ற புத்தகம். ‘கடன்’ என்று அர்த்தம். குடியானவனை இலவசமாக உழைக்கச் சொன்னால் அவன் அரைமனதாகத்தான் உழைப்பான், கூலி கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்று அதிலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். சக பிரபுக்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

1825 நவம்பர் 3 அன்று பொஜோனி (இன்றைய பிராட்டிஸ்லாவா) நாடாளுமன்றத்தில் எழுந்து, ஹங்கேரிய மொழிக்கு ஒரு கழகம் அமைப்பதானால் தன் நிலங்களின் ஒரு வருட வருமானத்தைத் தருகிறேன் என்றார். 60,000 ஃபோரின்ட். அறிவியல் கழகம் அப்படித்தான் பிறந்தது. பெரிய மனசுதான். ஆனால் அந்த வருமானம் யார் முதுகில் விளைந்தது என்ற கேள்வி எனக்குப் போகவில்லை. அவருக்கும் அது உறுத்தியிருக்கும் என்றே ‘ஹிதெல்’ படித்தால் தோன்றுகிறது.

ஒரு வேடிக்கை: ஹங்கேரிய மொழிக்காக இவ்வளவு செய்தவர், தன் நாட்குறிப்பைப் பெரும்பாலும் ஜெர்மனில்தான் எழுதினார்.

ஏப்ரல் 6, சனி. நாஜ்செங்க்

சோப்ரோன் நகரத்துப் பக்கம் இருக்கும் சேச்செனி குடும்பத்து ஊர். மாளிகைக்குள் போகவில்லை, வெயில் இருக்கும்போதே லிண்டன் மரச்சாலையை நடந்துவிடலாம் என்று தோன்றியது. 1754-ல் அவர்கள் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் நட்டது, இரண்டரைக் கிலோமீட்டருக்கு மேல் நேராக ஓடுகிறது. மரங்கள் இப்போதுதான் துளிர்க்கின்றன. கால் வலி.

சேச்செனி காதலித்த கிரெசென்ஸை நினைத்துக்கொண்டே நடந்தேன். வேறொருவரின் மனைவி, பிள்ளைகளின் தாய். அவர் விதவையான பிறகு, 1836-ல்தான் கல்யாணம். அதற்குள் பத்து வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. பேலா, ஒடொன் என்று இரண்டு பையன்கள் வளர்ந்தார்கள். ஒரு பெண் குழந்தை பிறந்து தங்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

இன்று சேச்செனி இறந்த நாள். 1848-ல் அமைச்சராக இருந்தவர், ஆஸ்திரியாவோடு போர் மூளப்போகிறது, எல்லாம் தன்னால்தான் என்று மனம் உடைந்து, அந்தச் செப்டம்பரிலேயே வியன்னாவை ஒட்டிய டோப்ளிங் மனநல விடுதிக்குப் போனார். பாலம் 1849 நவம்பரில் திறந்தபோது அங்கேதான் இருந்தார். முடிந்த பாலத்தில் ஒரு தடவைகூட நடக்கவில்லை. 1860-ல் போலீஸ் விடுதிக்கே வந்து சோதனை போட்டது. சில வாரம்தான். ஏப்ரல் 8, ஈஸ்டர் ஞாயிறு. துப்பாக்கியால் தன்னையே சுட்டுக்கொண்டார்.

அதற்கு மேல் எழுத ஓடவில்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பையன்கள் கதை தனி ரகம். சின்னவர் ஒடொன் புடாபெஸ்டில் தீயணைப்புப் படை அமைத்து, அப்புறம் சுல்தான் கூப்பிட்டதால் கான்ஸ்டான்டினோபிள் போய் அங்கேயும் ஒன்றை உருவாக்கினார். ஹங்கேரியப் பிரபு, துருக்கியில் பாஷா!

மூத்தவர் பேலா 1877-ல் கிழக்காசியாவுக்குச் சொந்தச் செலவில் ஆய்வாளர்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். குழுவில் காபோர் பாலிந்த் என்ற மொழியறிஞர். உடம்பு முடியாமல் அவர் பாதியில் பிரிந்தார். ஆனால் இந்தியாவில் தமிழ் படித்தார். ஹங்கேரிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு தேடினார். அந்த உறவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை, சரி. ஆனால் பயணத்தின் ஆய்வு முடிவுகளோடு அவருடைய தமிழ் ஆய்வும் 1897-ல் ஜெர்மனில் அச்சேறியது. நாஜ்செங்க் நிலத்துப் பணத்தில் ஒருவர் நம் வேற்றுமை உருபுகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார். சனிக்கிழமை தெரிந்திருந்தால், மரச்சாலையின் கோடியில் இருக்கும் பேலாவின் கல்லறை பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருப்பேன். கால் வலிக்கிறது என்று திரும்பிவிட்டேன்.