பாரதக் கூத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது

பங்குனி பிறந்தால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரதக் கதையைச் சொல்லியும் ஆடியும் காட்டும் பாரதம் தொடங்கிவிடும். சில ஊர்களில் அதையே தர்மராஜா கோயில் என்பார்கள். பகலில் பிரசங்கியார் வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதம் சொல்வார், இரவில் கூத்து. 18 நாள் நடத்தும் ஊரும் உண்டு, சுருக்கமாக முடிக்கிற ஊரும் உண்டு. பகாசூரன் தெருவுக்குள்ளேயே வருவான், அர்ச்சுனன் நம் தலைக்கு மேலே மரமேறுவான், துரியோதனனைச் சுற்றி ஊரே ஓடும். நாலைந்து வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல நாடகம் எங்கும் கிடைக்காது. எந்த நாள், எந்த ரெண்டு மணி நேரம் என்று பார்த்துக் கூட்டிப் போக வேண்டும், அவ்வளவுதான். விடிய விடிய உட்கார வைப்பது பிள்ளைக்குத் தண்டனை.

கோயில் நோட்டீஸில் நாள்வாரியாகக் கதை போட்டிருப்பார்கள். சின்னப் பிள்ளைக்கு முதல் தேர்வு பகாசூரன் வதம். வண்டி நிறையச் சோறு, அதைத் தின்றுகொண்டே வரும் பீமன், சிரிப்பு என்று எல்லாம் பிள்ளைக்குப் புரிகிற சங்கதி. அர்ச்சுனன் வில்லை வளைத்துத் திரௌபதியை மணக்கும் வில்வளைப்பும் நல்லதுதான். துகிலுரிதல், அர்ச்சுனன் மகன் அரவானைப் போருக்கு முன் பலி கொடுக்கும் அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை மூன்றையும் ஆறேழு வயசு வரை தள்ளிப் போடுங்கள். கதை புரியாது என்பதற்காக இல்லை. துகிலுரியும்போது கூட்டத்தில் பலருக்கும், சில சமயம் வேஷக்காரருக்கே, அருள் வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை திடீரென்று அலறி ஆடினால் பிள்ளை மிரண்டுபோகும். அதை "சும்மா நடிப்பு" என்று சொல்லித் தேற்றவும் முடியாது.

நோட்டீஸில் 9 மணி என்றிருந்தாலும் மேளதாளம் முழக்கிக் களரி கட்டிக் கடவுள் வாழ்த்துப் பாடி முடிக்க 10 தாண்டிவிடும். அடுத்து வரும் கோமாளி, அதாவது கட்டியங்காரன்தான் பிள்ளைகளுக்கு உயிர். ராஜா வேஷங்கள் அதற்குப் பிறகுதான். மதியம் ரெண்டு மணி நேரம் தூங்க வைத்து, ராத்திரி கட்டியங்காரனையும் முதல் பெரிய வேஷத்தையும் காட்டிவிட்டு, 12 மணிக்குள் கிளம்பிவிடலாம்.

இதில் ஒரு காரியத்தைத் தவறவிடக் கூடாது. கூத்து தொடங்கும் முன்பே கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வேஷம் கட்டும் இடத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். சாதாரண மனுஷன் ஒருத்தர் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அரிதாரம் பூசி, மீசை எழுதி, கிரீடமும் தோளில் மாட்டும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனனாக மாறுவதைப் பிள்ளை பார்க்க வேண்டும். கட்டைகள் எடையில்லாத கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித்துண்டு ஒட்டியவை. அனுமதித்தால் ஒன்றைத் தொட்டுப் பார்க்கட்டும். பயம் பாதி அங்கேயே போய்விடும். மீதி பயம் திரையில் இருக்கிறது. ரெண்டு பேர் துணியைப் பிடித்திருக்க, உள்ளிருந்து உறுமல் வரும், துணி விலகும், சிவந்த முகம் தெரியும். "இப்போ திரை விலகும், உள்ளே நாம பார்த்த மாமா இருக்கார்" என்று காதில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

முன்வரிசை வேண்டாம். வேஷக்காரர் சுழன்று ஆடும்போது புழுதி பறக்கும், கட்டை கையில் படும். ஏழெட்டு அடி தள்ளி, ஓரமாக, எழுந்து போக வழியுள்ள இடமாக உட்காருங்கள். குழாய் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே எக்காரணம் கொண்டும் கூடாது. பஞ்சு அடைத்தால் போதும் என்பார்கள், பெரிதாகத் தடுக்காது. காதை முழுக்க மூடும் மஃப் வாங்கினால் உருப்படியான காசு.

அர்ச்சுனன் தவக் காட்சிக்காக நட்ட தபசு மரத்தில் அர்ச்சுனன் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடித்தான் ஏறுவார். ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும். பாதி ஏறிய பிறகு போனால் போதும். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் வில்வமும் வீசும்போது, பிள்ளை வரம் வேண்டி மடியேந்தும் பெண்கள் கூட்டம் ஒரே நெருக்காக நெருக்கும். மரத்தடியை விட்டு 30 அடியாவது தள்ளி, தோளில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

துரியோதனன் வீழும் கடைசிக் காட்சியான படுகளம் பகலில் நடப்பதால் எல்லோரும் பிள்ளைகளோடு வருவார்கள். மண்ணால் செய்த துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீமனும் அவனும் அந்த உருவத்தின் மேலும் சுற்றியும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள், கூட்டமும் கூடவே நகரும். செருப்புப் போட முடியாது, சித்திரை வெயிலில் மண் கொதிக்கும், அதனால் பிள்ளையைக் கடைசி வரை தூக்கித்தான் வைத்திருக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் இல்லாமல் போகாதீர்கள். தொடை பிளந்து, திரௌபதி கூந்தல் முடிந்த கையோடு உருவத்து மண்ணை அள்ள ஜனம் பாயும். கூந்தல் முடிவதற்கு முன்னாலேயே வெளி வட்டத்துக்கு வந்துவிடுங்கள். சாயங்காலத் தீமிதியைத் தூரத்திலிருந்து பார்த்தால் போதும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறவர்களைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், கால் இடறினால் அதோடு போயிற்று.

கைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதி விடுங்கள். தொலைந்தால் கொடிமரம் என்று ஓர் இடத்தைக் காட்டி வையுங்கள். வீட்டிலிருந்தே தண்ணீர், வேகவைத்த கடலை, ஒரு துண்டு. ராத்திரி கூத்திலிருந்து கிளம்பும் நேரத்துக்கு டவுன் பஸ் இருக்காது. வண்டியில் திரும்புவதென்றால் தூங்கும் பிள்ளையை முன்னால் டேங்க்கில் சாய்த்து ஓட்டாமல், ஓட்டுகிறவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் வைத்துத் துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.