காரைக்குடியிலிருந்து ஈஸ்ட் ஹாம்: பிரிட்டன் ஸ்பௌஸ் விசா எடுத்த அனுபவம்

பிரிட்டனில் இருக்கும் கணவரிடம் போக விசா போட்டால், நேர்காணல் என்று பெரும்பாலும் யாரும் கூப்பிடுவதில்லை. சென்னையில் விரல் ரேகை எடுத்து, போட்டோ பிடித்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நாம் ஏற்றிவிட்ட காகிதங்களை வைத்து, நம்மைப் பார்த்தே இராத ஒரு அதிகாரி முடிவு செய்கிறார். பெண் பார்ப்பது, பூ வைப்பது, பரிசம் போடுவது எதுவும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவருக்குப் புரியும்படி பைலை அடுக்குவதுதான் இதில் முக்கால்வாசி வேலை. மற்றதெல்லாம் அலைச்சல்.

முதலில் ஒரு விஷயம். கணவர் அங்கே ஒர்க் பெர்மிட்டில் இருந்தால் மனைவி கேட்க வேண்டியது டிபெண்டென்ட் விசா. அது வேறு வழி. குடியுரிமை வாங்கியவர், அல்லது ஐஎல்ஆர் என்கிற நிரந்தர அனுமதி வாங்கியவர் என்றால் நான் சொல்லும் ஸ்பௌஸ் விசா. என் கணவர் லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு உணவகத்தில் செஃப். போய் ஐந்து வருஷம் முடித்து ஐஎல்ஆர் வாங்கிய பிறகுதான் வீட்டில் ஜாதகத்தையே வெளியே எடுத்தார்கள்.

பெரிய முட்டுக்கட்டை சம்பளம். 2012-லிருந்து வருஷம் 18,600 பவுண்டு இருந்தால் போதும் என்றிருந்த வரம்பை 2024 ஏப்ரல் 11 முதல் 29,000 ஆக்கிவிட்டார்கள். அவர் கையில் வந்தது அதைவிட அதிகம்தான், ஆனால் அதில் ஒரு பகுதி டிப்ஸ். சம்பளச் சீட்டில் ஏறாத காசு கணக்கில் வராது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சராக வாங்கிய சம்பளமும் செல்லாது. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் பெண்ணின் ஊர் வருமானத்தை அவர்கள் சேர்த்துக்கொள்வதில்லை. வருமானமே காட்டாமல் சேமிப்பை மட்டும் காட்டலாம் என்றால் 88,500 பவுண்டு வேண்டும். அவ்வளவு இருந்தால் அவர் எதற்கு அடுப்படியில் நிற்கப் போகிறார்?

ஆகவே, கல்யாணம் முடிந்து போன கையோடு வேறு உணவகத்துக்கு மாறினார். சம்பளம் 29,000-க்கு மேல், முழுவதும் வங்கிக் கணக்கில். ஒரே இடத்தில் ஆறு மாதம் ஆனால் வழி எளிது: ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அந்த மாதங்களின் வங்கி ஸ்டேட்மென்ட், முதலாளியின் கடிதம். சீட்டில் போட்டிருக்கும் கைச்சம்பளமும் வங்கியில் விழுந்த தொகையும் பைசா சுத்தமாகப் பொருந்த வேண்டும். கடைசி மாதக் காகிதங்கள் விண்ணப்பிக்கும் தேதிக்கு 28 நாளுக்கு மேல் பழையதாகவும் இருக்கக் கூடாது. தையில் கல்யாணம் ஆகிப் புரட்டாசியில் விண்ணப்பித்தோம் என்றால் காரணம் இதுதான். சொந்தக்காரர்களுக்கு இதை விளக்குவது அதிகாரிக்கு விளக்குவதைவிடக் கஷ்டம். "இன்னும் கூட்டிட்டுப் போகலையா?" என்று விசேஷ வீட்டில் பந்திக்குப் பந்தி கேட்டார்கள்.

காத்திருந்த நேரத்தில் மற்றதை முடித்தோம். திருமணப் பதிவை அவர் ஊரில் இருக்கும்போதே சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்துவிட்டோம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிய வேண்டும். மாப்பிள்ளை விமானம் ஏறிவிட்டால் அப்புறம் அவர் லீவுக்குத்தான் காத்துக் கிடக்க வேண்டும். இனிஷியல் தகராறு எங்களுக்கும் வந்தது. பத்தாம் வகுப்பு சர்டிபிகேட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக. இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எடுத்து வைத்தேன்.

ஆங்கிலம் அடுத்தது. ஆங்கில வழியில் டிகிரி படித்தவர்கள் அதைக் காட்டித் தப்பிக்கலாம், அதற்கும் எக்டிஸ் என்ற அமைப்பிடம் சான்று வாங்க வேண்டும். நான் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் தமிழ் இலக்கியம். ஐஇஎல்டிஎஸ் லைஃப் ஸ்கில்ஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் ஏ1 என்கிற ஆரம்ப நிலை எழுதினேன். எழுதினேன் என்பது பேச்சுக்கு. பேசுவதும் கேட்பதும் மட்டும்தான், 16-லிருந்து 18 நிமிடம். மதிப்பெண் கிடையாது, பாஸா பெயிலா என்பதுதான். இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைக்கிறார்கள். என்னோடு வந்தவர் புதுக்கோட்டைப் பக்கத்து அக்கா. வெளியே பெஞ்சில் இருக்கும்போது கை சில்லிட்டுப் போய், "டீச்சரம்மா, நீங்க மெதுவாக் கேளுங்க, நான் சொல்லிருவேன்" என்றார். உள்ளே போனதும் வார இறுதியில் என்ன செய்வீர்கள் என்று நான் அவரைக் கேட்க வேண்டும். கேட்டேன். "சண்டே ஐ குக் மட்டன். சாட்டர்டே ஐ திங்க் அபௌட் மட்டன்" என்றார். தேர்வாளரே சிரித்துவிட்டார். இரண்டு பேரும் பாஸ். இந்தத் தேர்வுக்குக் கோச்சிங் என்று ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்களிடம் போகாதீர்கள். தினம் பத்து நிமிடம் வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பழகினால் போதும்.

காசநோய்ப் பரிசோதனைக்கு பிரிட்டன் அரசு அங்கீகரித்த கிளினிக்குக்குத்தான் போக வேண்டும். நானும் அத்தையும் விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறினோம். எக்ஸ்ரே எடுக்கக் கழுத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று அத்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ரயில் திருச்சி தாண்டியதும் பையிலிருந்து மஞ்சள் கிழங்கு கட்டிய கயிறு ஒன்றை எடுத்து என் கழுத்தில் கட்டிவிட்டார். கிளினிக்கில் தாலிச் சங்கிலியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். எக்ஸ்ரே முடிந்து நான் வரும்வரை அதை முந்தானையில் முடிந்து பிடித்துக்கொண்டே நின்றார். சான்றிதழ் ஆறு மாதம்தான் செல்லும். அவசரப்பட்டு முதலிலேயே எடுத்துவிடாமல், சம்பளச் சீட்டு ஆறும் சேரப் போகும் சமயத்தில் எடுப்பது நல்லது. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தால் சளி பரிசோதனை வைத்து இரண்டு மாதம் இழுக்கும், அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இனி உறவுக்கான சான்று. எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு ஏஜென்ட், ஜோடியாக ஊட்டி, கொடைக்கானல் போய் எடுத்த படங்கள் நிறைய வேண்டும், இல்லாவிட்டால் ரிஜெக்ட் என்று பயமுறுத்தி, கட்டணமும் பெரிதாகக் கேட்டார். பெற்றோர் பார்த்து முடித்த கல்யாணத்தில் அதற்கு எங்கே போவது? நாங்கள் இருந்ததை இருந்தபடியே வைத்தோம். ஜாதகம் யார் மூலம் வந்தது, பெண் பார்க்க வந்தது எப்போது, நிச்சயம் எப்போது, எத்தனை பேர் வந்த கல்யாணம் என்று இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம். நான் ஒன்று, அவர் ஒன்று. தாலி கட்டும் படம் ஒன்று, இரு வீட்டாரும் நிற்கும் படம் ஒன்று, மறுவீட்டுப் படம் ஒன்று என்று கொஞ்சமாக எடுத்து, ஒவ்வொன்றின் கீழும் யார் யார் நிற்கிறார்கள், எந்தத் தேதி என்று எழுதினோம். முழு ஆல்பத்தையும் ஏற்றுவதில் பயனில்லை. கல்யாணப் பத்திரிகையை மொழிபெயர்த்துத்தான் வைக்க வேண்டும். மொழிபெயர்த்தவர் சரியான மொழிபெயர்ப்பு என்று எழுதித் தேதி, பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் தர வேண்டும். "நிகழும் மங்களகரமான குரோதி வருடம்" என்பதோடு நிற்காமல் ஆங்கிலத் தேதியும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்புப் பட்டியலைப் பார்த்தால் எல்லா நாளும் நம்மூர் நேரம் இரவு எட்டு மணி வாக்கில் இருக்கும். லண்டனில் மத்தியானக் கூட்டம் முடிந்து ராத்திரிக் கூட்டம் தொடங்கும் முன் அவருக்குக் கிடைக்கும் இடைவேளை அது. திங்கட்கிழமை கடை விடுமுறை, அன்றைக்கு மட்டும் பேச்சு மணிக்கணக்கில் போகும். இதைக் கடிதத்தில் ஒரு வரியாகச் சேர்த்தோம். முதலாளி கடிதத்தில் வேலை நேரமும் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. மாதம் மாதம் அவர் எனக்கு அனுப்பிய பணத்தின் வங்கிக் கணக்கும் வைத்தோம். என்னைக் கேட்டால், நூறு ஜோடிப் படத்தைவிட இப்படி ஒன்றோடொன்று பொருந்தும் இரண்டு காகிதம் மேல்.

வீடு பற்றி: அவர் நண்பர்களோடு பகிர்ந்த வீட்டில் இருந்தார். தனி வீடு கட்டாயமில்லை. எங்கள் இருவருக்கு மட்டுமான ஒரு படுக்கையறை இருக்கிறது, அதில் மனைவி வந்து தங்கச் சம்மதம் என்று வீட்டு உரிமையாளர் கடிதம் கொடுத்தார்.

கட்டணத்தைப் பார்த்தால் தலை சுற்றும். 2025-ல் நாங்கள் கட்டியபோது விசாவுக்கு 1,938 பவுண்டு. அதற்கு மேல் மருத்துவக் கூடுதல் கட்டணம் வருஷத்துக்கு 1,035. விசா 33 மாதம் என்றாலும் மூன்று வருஷத்துக்கு வாங்குவதால் 3,105. மொத்தம் 5,043, கிட்டத்தட்ட ஆறு லட்சம் ரூபாய். மறுத்துவிட்டால் மருத்துவக் கட்டணம் திரும்ப வரும், விசா கட்டணம் வராது. சென்னை விசா மையத்தில் வேலை சீக்கிரம் முடிந்தது. காகிதங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டதால் அங்கே வேறு எந்தச் சேவைக்கும் காசு கட்டவில்லை.

12 வாரத்துக்குள் முடிவு என்று அரசுத் தளத்தில் போட்டிருந்தது. அதற்குள் மின்னஞ்சல் வந்தது. அப்போது பாஸ்போர்ட்டில் ஒட்டித் தந்த விசா 90 நாளுக்குத்தான், அதற்குள் போய் இறங்க வேண்டியிருந்தது. 33 மாத அனுமதி இ-விசாவாக நம் ஆன்லைன் கணக்கில் இருக்கும். பழைய பிளாஸ்டிக் அட்டையை இப்போது தருவதில்லை, அதனால் கணக்கை உடனே திறந்து பாஸ்போர்ட்டை அதில் இணைத்துவிடுங்கள். காசநோய்ச் சான்றிதழை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், விமான நிலையத்தில் கேட்கலாம். அடுத்து 33 மாதம் முடிவதற்குள் நீட்டிப்பு போட வேண்டும், அதற்கு ஆங்கிலத்தில் அடுத்த நிலையான ஏ2. சம்பளச் சீட்டுகளை இப்போதிருந்தே அவர் மாதவாரியாக ஒரு கவரில் போட்டு வருகிறார்.