அரை நாள் கூலி

ஹட்டன் பக்கம் தோட்ட வீடு கட்டும் சைட் ஒன்றில் சுப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில், பாதுகாப்புப் பயிற்சி என்றால் எனக்கு ஒரு பதிவேடுதான். காலையில் ஆட்கள் வரிசையாக வந்து கையெழுத்து வைப்பார்கள். ஹெல்மட் போடணும், பூட்ஸ் போடணும், சாரத்தில் ஏறினால் பெல்ட்டைக் கொழுவணும் என்று ஐந்து நிமிடம் வாசிப்பேன். "சரிங்கய்யா" என்பார்கள். ஒன்பது மணிக்குப் பார்த்தால் பாதி ஹெல்மட் மணல் குவியலில் கிடக்கும், ஒன்றிரண்டில் ஆணி நிறைந்திருக்கும்.

உயரத்திலிருந்து விழுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஏணி நான்கு அடி உயர்ந்தால் அடிப்பாகம் ஒரு அடி தள்ளி இருக்க வேண்டும், ஏறும் தட்டுக்கு மேலே மூன்று அடி நீட்டி நிற்க வேண்டும். தப்பில்லை. ஆனால் மலைநாட்டில் வேலை தொடங்குவதே மண் வெட்டில்தான். 7 பேர்ச் என்ற சின்னக் காணித் துண்டில் வீட்டுக்குச் சமதளம் வேண்டுமென்றால் சரிவைச் செங்குத்தாக வெட்ட வேண்டும். அணைச்சுவர் எழும்பும்வரை அந்த வெட்டு மழையில் ஊறிக்கொண்டு நிற்கும். ஒரு கன மீட்டர் மண்ணே ஒன்றரைத் தொன் வரும், நனைந்தால் இன்னும் கூட. நெஞ்சுவரை மூடினால் போதும், தலை வெளியே இருந்தாலும் மூச்சு விட முடியாது. இது என் பதிவேட்டில் இல்லை.

ஒரு ஜூன் மாத மழையில் அணைச்சுவர் அத்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தோம். பத்து மணித் தேத்தண்ணிக்கு நான்கு பேரும் மேலே ஏறிய நேரம் வெட்டு சரிந்தது. இரண்டு அலவாங்கும் ஒரு மண்வெட்டியும் புதைந்தன, அவ்வளவுதான். கை நடுங்க நின்றிருந்த என்னிடம் வயதான கையாள் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நேத்தே பாத்தேங்கய்யா. மேல தேயிலை நெரைக்குப் பின்னால வெடிப்பு விட்டிருந்திச்சு."

"ஏன் அண்ணே சொல்லல?"

"சொன்னா வேலைய நிப்பாட்டுவீங்க. அப்புறம் நாள் கூலி?"

2014 ஒக்டோபரில் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கி தொழிலாளர் லயங்களை மூடிய பிறகு, வெடிப்பும், சாய்ந்த மரமும், திடீரென்று கலங்கி வரும் ஊற்றும் எதைச் சொல்கின்றன என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. காயம்பட்டவருக்கு நட்டஈடு கொடுக்க 1934இலேயே கட்டளைச்சட்டம் வந்துவிட்டது. காயம்படாமல் ஒதுங்கி நின்ற நாளுக்கு எங்கள் சைட்டில் யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை.

கொந்தராத்துக்காரரோடு இரண்டு வாரம் மல்லுக்கட்டினேன். மண்ணைப் பார்த்து யார் நிறுத்தச் சொன்னாலும் அன்றைக்கு அரை நாள் கூலி என்று கடைசியில் ஒத்துக்கொண்டார். முழு நாள் கேட்டது நடக்கவில்லை. காலைப் பேச்சையும் வெட்டின் தலைமாட்டுக்கு மாற்றினேன். தினம் ஒருவர் மேலே நடந்து பார்த்துவிட்டு வந்து சொல்வார், நான் கேட்டு எழுதுவேன். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து இரண்டடியாவது தள்ளிக் கொட்டச் சொன்னது மட்டும்தான் என் பங்கு.

ஓகஸ்டில் அதே அண்ணன் விரல் நுழையாத ஒரு வெடிப்பைக் காட்டி வேலையை நிறுத்தினார். வெட்டு அன்றும் விழவில்லை, அடுத்த கிழமையும் விழவில்லை. "எங்கே சரிஞ்சது?" என்று கொந்தராத்துக்காரர் என்னிடம் ஒரு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் மறுநாள் தலையைக் குனிந்தபடி வந்தார். மேலே போய்ப் பார்த்துவிட்டு வாங்க என்று அவரையே அனுப்பினேன்.