இரண்டு மருந்துச் சீட்டுகள்

நவம்பர் 14, 2024
முழங்கைச் செதில் இந்த முறை முதுகுக்கும் ஏறிவிட்டது. பதினோரு வருட சொரியாசிஸில் முதுகுக்கு வந்ததே இல்லை. ஒரே ஆறுதல், தலைவலி குறைந்திருப்பது. ஆகஸ்டில் அதற்காகத் தொடங்கிய புரோப்ரனலால் மாத்திரை கேட்கிறது. மாதம் ஆறு முறை வந்த ஒற்றைத் தலைவலி இப்போது இரண்டு முறைதான்.

நவம்பர் 23
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து அக்கா வந்தாள். கையில் ஒரு பாட்டில், தேங்காய் எண்ணெயில் வெட்பாலை இலை. "வெயிலில் வை தம்பி, ஊதா நிறம் ஏறியதும் தடவு" என்றாள். கார்த்திகை மாதத்துக் கடலூரில் வெயிலுக்கு எங்கே போவது?

டிசம்பர் 1
நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மின்சாரம் இல்லை. இருட்டில் வேலையற்ற கை சொறியத்தான் செய்யும். விடியும்வரை சொறிந்தேன். காலையில் இடது கண்ணுக்குப் பின்னால் ஆணி இறங்கியது; நண்பகலில் வாந்தி. அரிப்பு தூக்கத்தைத் தின்கிறது, தூக்கமின்மை தலையைத் தின்கிறது.

டிசம்பர் 12
புதுச்சேரியில் புதிய தோல் மருத்துவர். முதுகைப் பார்க்கும் முன்பே, "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்றார். இந்தக் கேள்வியை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. தலைக்கு ஒரு சீட்டு, தோலுக்கு ஒரு சீட்டு. இரண்டையும் சுமந்து திரியும் எனக்கும் தோன்றியதில்லை.

புரோப்ரனலால் போன்ற, இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் சிலருக்குச் சொரியாசிஸைக் கிளப்பிவிடுமாம், அதுவும் வாரங்கள், மாதங்கள் கழித்து. திடீரென நிறுத்தினால் இதயத் துடிப்பு எகிறும் என்பதால் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, தலைவலி மருத்துவருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

இரண்டும் ஒரே ஆளுக்கு வருவது என் தலைவிதி என்றிருந்தேன். டென்மார்க்கில் நாடு முழுவதற்குமான பதிவேடுகளை வைத்து 2015இல் வெளியான ஆய்விலேயே, சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ஒற்றைத் தலைவலி வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்ததாம். மூட்டுவாதமும் சேர்ந்தால் இன்னும் அதிகம். எது எதை உண்டாக்குகிறது என்று கேட்டேன். அப்படிச் சொல்ல முடியாது என்றார்; இரண்டிலும் உடம்புக்குள் அழற்சி ஓடுகிறது, ஒற்றைத் தலைவலியின்போது நரம்புகள் விடும் சிஜிஆர்பி என்ற புரதம் தோல் நரம்புகளிலும் இருக்கிறது. பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு சீட்டுகளையும் ஒரே கவரில் போட்டேன்.

டிசம்பர் 29
புரோப்ரனலால் அடியோடு நின்றுவிட்டது. மாற்றாக டோபிரமேட், விரல் நுனிகள் குறுகுறுக்கின்றன. தலைவலி இரண்டு முறை வந்து போனது. முதுகில் பெரிய மாற்றமில்லை, புதிய திட்டு மட்டும் எழவில்லை. நான்கு நாளாக வெயில். மொட்டைமாடிச் சுவரில் அக்காவின் பாட்டில் கருஊதாவாகிவிட்டது. தடவலாமா என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டும். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.