ஹான்டார்ஃப்: கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் ஊர்

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து தென்கிழக்கு நெடுஞ்சாலையில் மலையேறினால் அரை மணி நேரத்தில் ஹான்டார்ஃப் வந்துவிடும். கார் இல்லையென்றால் மவுண்ட் பார்க்கர் பக்கம் போகும் பேருந்தில் ஏறலாம். சனி, ஞாயிறு மட்டும் வேண்டாம் என்று அடிலெய்டில் இருக்கும் என் அத்தை மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அந்த நாட்களில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடுமாம். அதனால் ஒரு புதன்கிழமை காலையில் போய் இறங்கினேன்.

ஊர் என்பது பெரும்பாலும் ஒரே தெருதான். இருபுறமும் நூறு வயதைத் தாண்டிய மரங்கள், அவற்றின் நிழலில் வரிசையாகக் கடைகள். ஒரு கடையில் சுவர் முழுக்கக் குயில் கூவும் கடிகாரங்கள். இன்னொன்றில் தோல் பெல்ட்டும் தொப்பியும், அடுத்ததில் மெழுகுவர்த்தி. பேக்கரியில் தேனும் பாதாமும் மேலே பூசி, நடுவில் கஸ்டர்ட் வைத்த பீனென்ஷ்டிக் கேக். உணவகங்களில் முழங்கை நீளத் தொத்திறைச்சியும் பெரிய கண்ணாடிக் குவளைகளில் பீரும். சில வாசல்களில் தென் ஜெர்மனியின் பவேரிய உடையில் பணிப்பெண்கள்.

பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஊரை உண்டாக்கியவர்கள் பவேரியர்கள் அல்லர். குயில் கடிகாரம் செய்யும் ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை. அவர்கள் அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள், லுத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியானவர்கள். மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்ம் லுத்தரன் சபையையும் சீர்திருத்தச் சபையையும் ஒன்றாக்கி, வழிபாட்டு முறை இதுதான் என்று உத்தரவு போட்டார். ஏற்காதவர்களுக்கு அபராதம், போதகர்களுக்குச் சிறை. அப்படி வெளியேறியவர்களில் ஒரு கூட்டம் ஜீப்ரா என்ற கப்பலில் 1838 டிசம்பர் கடைசியில் அடிலெய்டு துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. கப்பல் தலைவர் டிர்க் ஹான், பயணிகளை இறக்கிவிட்டோம், கடமை முடிந்தது என்று திரும்பிப் போகவில்லை. தானே அலைந்து, நில உரிமையாளர்களிடம் பேசி, இந்த மலைப்பகுதியில் அவர்களுக்கு நிலம் பெற்றுத் தந்தார். 1839-இல் ஊர் எழுந்தது. நன்றியோடு அவர் பெயரையே வைத்தார்கள். அது பெரமங்க் என்ற பூர்வகுடி மக்களின் மண். கடைவீதியைச் சுற்றும் பயணிகள் பலரும் அதைக் கேள்விப்படாமலே திரும்புகிறார்கள். அந்தப் பெயரையும் அறிந்துகொண்டே இங்கே நடக்க வேண்டும்.

இந்தக் காலத்தோடு நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. டிரெஸ்டன் லுத்தரன் மிஷன் 1838-இல் டைக்கல்மன், ஷூர்மன் என்ற இருவரை அடிலெய்டுக்கு அனுப்பியது. அடிலெய்டுப் பகுதியின் பூர்வகுடிகளான காவுர்னா மக்களின் மொழிக்கு 1840-இல் அவர்கள் எழுதி வெளியிட்ட இலக்கணமும் சொற்பட்டியலும்தான், இன்று அந்த மொழியை மீட்டெடுப்பவர்களுக்கு முக்கிய ஆதாரம். அதே மிஷன் 1840-இல் கோர்டெஸ் என்பவரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று தமிழ்நாட்டு லுத்தரன் சபைகள் அறிந்தது அதைத்தான்.

ஊரின் முதல் வியாபாரிகள் பெண்கள். ஆண்கள் நிலத்தைத் திருத்த, பெண்கள் காய்கறி, முட்டை, வெண்ணெய் எல்லாவற்றையும் கூடைகளில் சுமந்துகொண்டு நள்ளிரவில் கிளம்புவார்கள். மலையை ஏறி இறங்கி, விடியும்போது அடிலெய்டு ஓரத்தில் ஓர் ஓடையில் கால் கழுவிக்கொண்டு, விற்பனைக்கு ஊருக்குள் நுழைவார்கள். திரும்பும்போது ஊசி, நூல், கொஞ்சம் சர்க்கரை. தேவாலயம் கட்ட ஆளுக்கு இரண்டு செங்கலும் சுமந்து வந்தார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை. அந்த வழி இன்றும் நடைபாதையாக இருக்கிறது, சுமார் 26 கிலோமீட்டர். ஆண்டுதோறும் மே மாதத்தில் கூட்டமாக நடக்கிறார்கள். நான் அதில் சிறு பகுதிதான் நடந்தேன். பகல் வெளிச்சத்தில், வெறுங்கையோடு நடந்தபோதே அந்த ஏற்றம் மூச்சு வாங்க வைத்தது. தலையில் மீன் கூடையோடு விடிகாலை நடக்கும் நம்மூர் அம்மாக்களை நினைத்துக்கொண்டேன்.

முதல் உலகப் போர் வந்ததும் எல்லாம் மாறியது. தெற்கு ஆஸ்திரேலிய அரசு 1917-இல் சட்டம் போட்டு 69 ஜெர்மன் ஊர்ப்பெயர்களை அழித்தது. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைட் ஆனது. லுத்தரன் பள்ளிகள் மூடப்பட்டன. பழைய பெயர் திரும்பியது 1935-இல்தான். ஜெர்மன் என்று வெளியில் காட்டிக்கொள்ளவே அஞ்சிய தெருவில், இன்று அந்த ஜெர்மன் அடையாளம்தான் விற்பனைச் சரக்கு. அதை நினைத்துக்கொண்டு அந்தக் கடைகளைப் பார்த்தபோது எனக்கு மனம் கனத்தது.

மெழுகுவர்த்திக் கடை அம்மாவிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். வார இறுதியில் விற்பதை வைத்துத்தான் வாடகை. குளிர்கால வார நாட்களில் சில சமயம் முதல் விற்பனையே மதியம் தாண்டித்தான் என்றார். மளிகைக்கு அவர்கள் மவுண்ட் பார்க்கர் போகிறார்கள். ஊரின் பழைய பகுதி மாநிலப் பாரம்பரியப் பகுதி என்பதால் கட்டடத்தின் முகப்பில் கை வைக்க அனுமதி வாங்க வேண்டும். “கடிகாரம் கேட்டு வருகிறவரிடம் வரலாற்றை எப்படி விற்பது?” என்று கேட்டார். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் உயிரோடு இருப்பது இந்தக் கடைகளால்தான். வருகிற நாம்தான் இன்னும் பத்து அடி உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

அப்படிப் போனால் கிடைப்பவை: மரச்சட்டங்களுக்கு இடையில் மண்ணும் செங்கல்லும் நிரப்பிக் கட்டிய பழைய வீடுகள், புல் வேய்ந்த கூரை போய்த் தகரம் ஏறியிருக்கும், சுவர்ச் சட்டம் அதேதான். வீடுகளுக்குப் பின்னால் நீளநீளமாய் ஒடுங்கிய நிலங்கள், பிரஷ்யக் கிராமத்தின் அதே அமைப்பு. 1857-இல் பள்ளிக்கூடமாகத் தொடங்கிய ஹான்டார்ஃப் அகாடமியில் இப்போது கலைக்கூடமும் குடியேறிகளின் வரலாற்றுக் காட்சியும் இருக்கின்றன. கடைகளில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது இங்கே செலவிடுங்கள்.

ஊருக்கு வெளியே ஓவியர் ஹான்ஸ் ஹெய்சன் வாழ்ந்த ‘த சீடர்ஸ்’ வீடு. ஹாம்பர்க்கில் பிறந்து சிறுவனாக வந்தவர், யூகலிப்டஸ் மரங்களை அவற்றுக்குரிய கம்பீரத்தோடு வரைந்தார். ஓவியக்கூடத்தின் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மரங்களைப் பார்த்துவிட்டு அவர் படங்களைப் பார்த்தால், ஒவ்வொரு பட்டையையும் அவர் எப்படிக் கவனித்திருக்கிறார் என்பது புரியும்.

கடைசியாகப் போனது பீரன்பெர்க் பண்ணை. 1839-இல் இங்கே குடியேறிய குடும்பத்தின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே ஊரில் உழுகிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் சாலையோரத்தில் ஸ்ட்ராபெரி விற்றார்கள். மீந்த பழம் ஜாம் ஆனது. ஆஸ்திரேலிய ஓட்டல்களின் காலை உணவு மேசையில் இருக்கும் அந்தச் சின்னக் கண்ணாடிப் புட்டிகள் இங்கிருந்து போனவைதான். எந்த வேடமும் இல்லாமல் விளைந்ததை விற்கிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை நாமே தோட்டத்தில் இறங்கிப் பழம் பறித்து, எடை போட்டுக் காசு கொடுத்துவிட்டு வரலாம். குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறினால் பாத்திகளில் குனிந்து நிற்க முடியாது.